நுகர்வுக்கும் வேட்கைக்கும் நடுவே

என் அம்மாவுக்கு வைகாசி விசாகம் முருகனுடைய நாள். காலையிலேயே சிங்கப்பூர் டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலுக்குக் கிளம்பிவிடுவார். விசாக தினம் அவரைப் பொறுத்தவரை வேறு சங்கதி. நாட்காட்டியில் சிவப்பு எழுத்தில் வருவது, சீனர்கள் புத்தர் கோயிலுக்குப் போவது, வீட்டில் எல்லாருக்கும் லீவு. 2024இல் இரண்டும் ஒரே நாளில், மே 22ஆம் தேதி, வந்தன. "ரெண்டும் ஒரே விசாகம்தான்மா" என்றேன். "பேரு ஒண்ணா இருந்தா சாமியும் ஒண்ணாயிடுமா?" என்று கேட்டுவிட்டு அர்ச்சனைத் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கேள்வி நியாயமானதுதான். சாமி வேறு, ஆனால் நாளுக்கு வேர் ஒன்று. வைசாகம் என்ற மாதப் பெயர் சிங்களத்தில் வெசக் ஆகி, ஆங்கிலம் வழியாகச் சிங்கப்பூரின் விடுமுறைப் பட்டியலில் ஏறியது. அதே பெயர்தான் தமிழில் வைகாசி. அந்த மாதத்து முழுநிலவு நாளில் புத்தர் பிறந்தார், ஞானம் பெற்றார், மறைந்தார் என்பது பௌத்தர்களின் நம்பிக்கை. அவர்கள் நிலவை வைத்து நாள் குறிக்கிறார்கள். நமக்கோ சூரியன் ரிஷபத்தில் இருக்கும் மாதத்தில் விசாக நட்சத்திரம் வர வேண்டும். இரண்டு கணக்கும் எப்போதும் ஒத்துப்போகாது. 2025இல் விசாக தினம் மே 12, வைகாசி விசாகம் ஜூன் 9.

சிங்கப்பூர்த் தமிழர்களாகிய நமக்கும் பௌத்தத்துக்கும் உள்ள உறவு இப்படித்தான் இருக்கிறது. பக்கத்திலேயே இருக்கும், சில வருஷம் ஒட்டி வரும், ஆனாலும் நம்முடையதாகத் தோன்றாது. அது சீன மொழியிலும் பாலியிலும் ஆங்கிலத்திலும் பேசும் ஒரு மதம் என்றே நினைத்துக்கொள்கிறோம். நானும் நெடுநாள் அப்படித்தான் நினைத்தேன். அப்புறம்தான் அதன் முக்கியமான சொற்கள் எல்லாம் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழிலேயே கிடக்கின்றன என்பது தெரிந்தது. அந்தச் சொற்களைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால், இந்தப் போதனை அன்றாட வாழ்க்கையில் எந்த இடத்தைத் தொடுகிறது என்பது எனக்குச் சட்டென்று விளங்கியது. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

அக்கம்பக்கத்துப் புத்தர்

முதலில் கணக்கு. 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, சிங்கப்பூர்வாசிகளில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் 31.1 விழுக்காட்டினர் பௌத்தர்கள். மற்ற எந்தச் சமயத்தைவிடவும் அதிகம். 2010இல் இது 33.3 விழுக்காடாக இருந்தது. அதே பத்தாண்டில் சமயம் எதுவும் இல்லை என்றவர்கள் 17 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடு ஆனார்கள். இந்துக்கள் 5 விழுக்காடு.

அந்த 31 விழுக்காடு ஒரே மாதிரி ஆட்கள் இல்லை. பீஷானில் பிரைட் ஹில் சாலையில் இருக்கும் கோங் மெங் சான் மடத்தில் விசாகத்தையொட்டி மூன்று அடிக்கு ஒரு முறை தரையில் விழுந்து வணங்கியபடி சுற்றி வருகிறவர்கள் மகாயான வழிச் சீனர்கள். செயின்ட் மைக்கல்ஸ் சாலையில் இருக்கும் ஸ்ரீ லங்காராமய விகாரை சிங்களவர்கள் கட்டியது. பலஸ்தியர் பக்கம் பர்மியக் கோயில் ஒன்று. சைனாடவுனில் 2007இல் திறந்த புத்தர் பல் கோயில், நம் மாரியம்மன் கோயில் இருக்கும் அதே சவுத் பிரிட்ஜ் சாலையில்தான் நிற்கிறது.

தேக்காவுக்கு, அதாவது லிட்டில் இந்தியாவுக்கு, போகிறவர்களுக்கு ரேஸ் கோர்ஸ் சாலையில் இருக்கும் ஆயிரம் விளக்குக் கோயில் தெரிந்திருக்கும். பெருமாள் கோயிலிலிருந்து நடந்தே போய்விடலாம். 1927இல் வுத்திசாரா என்ற தாய்லாந்துத் துறவி தொடங்கியது. உள்ளே ஏறத்தாழ 15 மீட்டர் உயரத்தில் உட்கார்ந்திருக்கும் புத்தர். பின்பக்கமாகப் போனால் சிலையின் அடியில் ஒரு சின்ன அறை, அதில் படுத்த நிலையில் இன்னொரு புத்தர். நான் சிறுவனாக இருந்தபோது அந்த அறைக்குள் குனிந்து நுழைவதுதான் பெரிய சாகசம். சிலையின் பீடத்தைச் சுற்றி அவருடைய வாழ்க்கைக் காட்சிகள் இருக்கும். யாரும் நின்று பார்த்து நான் கண்டதில்லை.

வாட்டர்லூ ஸ்திரீட் இன்னும் சுவாரஸ்யம். அங்கே குவான் இம் கோயிலும் ஸ்ரீ கிருஷ்ணன் கோயிலும் அடுத்தடுத்து இருக்கின்றன. குவான் இம்மைக் கும்பிட்டுவிட்டு வரும் சீனப் பாட்டிகள் அதே கையோடு கிருஷ்ணன் கோயில் வாசலிலும் ஊதுபத்தி ஏற்றுவார்கள். வெளிநாட்டுக்காரர்கள் இதைப் படம் பிடித்து "சமய நல்லிணக்கம்" என்று போடுகிறார்கள். சரி, போடட்டும். எனக்கு அங்கே வேறொன்று தோன்றும். அந்தக் குவான் இம் யார்?

அகத்தியருக்கு ஆசிரியர்

குவான் இம் என்பது அவலோகிதேஸ்வரர் என்ற போதிசத்துவரின், அதாவது புத்தநிலை நோக்கிப் போகும் கருணையாளரின், சீன வடிவம். இந்தியாவில் ஆணாக இருந்தவர் சீனாவில் நாளடைவில் பெண் வடிவம் எடுத்தார். உலகத்தின் அழுகுரலைக் கேட்கிறவர் என்பது அந்தச் சீனப் பெயரின் பொருள். 11ஆம் நூற்றாண்டில், வீரராசேந்திர சோழன் காலத்தில், புத்தமித்திரர் எழுதிய வீரசோழியம் என்ற தமிழ் இலக்கண நூலின் பாயிரம், அகத்தியர் தமிழைக் கற்றது அவலோகிதரிடம் என்கிறது. சிவனிடம் கற்றார் என்ற கதை நமக்குத் தெரியும். இது பௌத்தர்கள் சொன்ன கதை. அப்படிப் பார்த்தால் வாட்டர்லூ ஸ்திரீட்டில் ஆரஞ்சுப் பழமும் சாமந்தியும் படைக்கப்படும் அந்த அம்மன், ஒரு காலத்துத் தமிழ்ப் பௌத்தர்களுக்கு நம் மொழியையே தந்தவர்.

இன்னொரு கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. மணிமேகலையில் வரும் அமுதசுரபி, எடுக்க எடுக்கச் சோறு குறையாத பாத்திரம். பள்ளியில் தமிழ் படித்த எல்லாருக்கும் தெரியும். அது மணிமேகலைக்கு முன் ஆபுத்திரன் கையில் இருந்தது. ஊரில் மழை பெய்து பசி தீர்ந்துபோக, பாத்திரத்துக்கு வேலை இல்லாமல் போய்விடுகிறது. சாவக நாட்டில் பஞ்சம் என்று கேள்விப்பட்டு அங்கே சோறு போடக் கப்பல் ஏறுகிறான். வழியில் மணிபல்லவத் தீவில் கப்பல் அவனை விட்டுவிட்டுப் போய்விட, பாத்திரத்தை அங்குள்ள கோமுகிப் பொய்கையில் போட்டுவிட்டு உண்ணாமல் உயிர் விடுகிறான். அடுத்த பிறவியில் சாவக நாட்டுக்கே அரசனாகிறான். சாவகம் என்பது ஜாவா என்று பெரும்பாலோர் கொள்கிறார்கள். பொய்கையில் போன பாத்திரம் ஆண்டுக்கு ஒரு நாள் மட்டும் மேலே வரும். எந்த நாள்? வைகாசி விசாகம், புத்தர் பிறந்த நாள். பசிக்கிற இடத்தைத் தேடித் தென்கிழக்காசியாவுக்குக் கப்பல் ஏறிய ஒரு தமிழன் நம் காப்பியத்திலேயே இருக்கிறான். பிழைக்க வந்தவர்களின் பேரப்பிள்ளைகளான நாம் அவனைப் பெரிதாக நினைவில் வைத்துக்கொள்ளவில்லை.

போக்குவரத்து எதிர்த்திசையிலும் நடந்தது. ராஜராஜ சோழன் காலத்தில் ஸ்ரீவிஜயத்துக்கும் கடாரத்துக்கும் அரசர்களாக இருந்தவர்கள் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரையைக் கட்டினார்கள். அதன் செலவுக்கு ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயை ராஜராஜன் விட்டுக்கொடுத்தான். அந்தச் செப்பேடுகள் நெதர்லாந்தின் லைடனுக்குப் போய்விட்டதால் லைடன் செப்பேடுகள் என்றே அழைக்கப்படுகின்றன. ராஜராஜனின் மகன் 1025 வாக்கில் அதே கடாரத்தின் மீது படையெடுத்தான் என்பது வேறு விஷயம். நாகப்பட்டினத்தில் இருந்த பழைய விகாரைக் கோபுரம் 1867இல் இடிக்கப்பட்டது. அந்த ஊர் மண்ணுக்கடியிலிருந்து 1856 முதல் நூற்றுக்கணக்கான வெண்கலப் புத்தர்கள் வெளியே வந்திருக்கிறார்கள்.

இது பழம்பெருமை பேசுவதற்காக இல்லை. காஞ்சிபுரம் போதிதர்மரைப் பற்றி சினிமா வந்த பிறகு நமக்குத் தேவைக்கு மேலேயே பெருமை இருக்கிறது, அவரை இங்கே விட்டுவிடுகிறேன். நான் சொல்ல வருவது, பௌத்தத்தைப் பேசத் தமிழுக்குச் சொல் கடன் வாங்க வேண்டியதில்லை என்பதுதான்.

சொல்லாமல் விட முடியாத ஒன்று

இலங்கைப் பூர்வீகம் உள்ள குடும்பங்கள் சிங்கப்பூரில் நிறைய. சிலோன் ரோடு செண்பக விநாயகர் கோயிலே அவர்கள் எழுப்பியதுதான். அவர்களில் சிலரிடம் "பௌத்தம் கருணையின் மதம்" என்று பேச்செடுத்தால் முகம் மாறிவிடும். 1956இல் சிங்களம் மட்டும் சட்டம், 1972 அரசியலமைப்பில் பௌத்தத்துக்கு முதன்மை இடம், 1983 ஜூலை, 2009 மே. இந்த வரிசையில் காவி உடை அணிந்தவர்கள் சிலர் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பதை அவர்கள் மறக்கவில்லை. மறக்கச் சொல்ல எனக்கு உரிமையும் இல்லை.

கொல்லாமை பஞ்சசீலத்தின் முதல் சீலம். அதை ஏற்றவர்கள் இப்படி நடக்கலாமா என்று கேட்பது எளிது. ஆனால் அன்பே சிவம் என்று பாடிய மரபில்தான் சாதிக்கொரு தெருவும் இருந்தது. நாடும் இனமும் ஒரு மதத்தைக் கையில் எடுக்கும்போது போதனை கொடிக்கம்பத்தில் ஏறிவிடுகிறது, வீட்டுக்குள் வருவதில்லை. இலங்கையில் நடந்ததைப் பௌத்தத்தின் பெயரால் நடந்தது என்று சொல்லாமல் பூசி மெழுகுகிறவர்களை நான் நம்புவதில்லை. அதே சமயம் 1898இல் அயோத்திதாசர் கொழும்புக்குப் போய்ப் பௌத்தம் ஏற்றுத் திரும்பி, சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். சாதியின் அடியைத் தாங்கியவர்களுக்கு மானத்தோடு நிற்க ஓர் இடம் என்று அவர் அதைப் பார்த்தார். 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் அம்பேத்கர் அதையே செய்தார். ஒரே ஆண்டு, 1956. அதே பெயரால் ஒரு தீவில் கதவு சாத்தப்பட்டது, பக்கத்து நாட்டில் கதவு திறந்தது. இரண்டையும் சேர்த்துத்தான் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பன்னிரண்டு சொற்கள்

சரி, போதனைக்கு வருவோம். துன்பம் இருக்கிறது, அதற்குக் காரணம் இருக்கிறது, அது நீங்கும், நீங்க வழி இருக்கிறது. நான்கு வாய்மைகள் இவ்வளவுதான். நான்காவதாகச் சொன்ன வழி எண்வகைப்பட்டது. இதெல்லாம் எந்தப் பாடநூலிலும் இருக்கும். இரண்டாவதாகச் சொன்ன காரணத்தைத்தான் நாம் வேகமாகத் தாண்டிப் போய்விடுகிறோம். "ஆசையே துன்பத்துக்குக் காரணம்" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறோம். என் உறவினர் ஒருவர் இதைக் கேட்டால் உடனே, "ஆசை இல்லாம எப்படிப்பா வீடு வாங்கறது? ரீசேல் வீட்டுக்கே இன்னைக்கு என்ன வெலை!" என்பார். அவர் சொல்வதிலும் அர்த்தம் இருக்கிறது.

புத்தர் சொன்னது அதைவிட நுட்பமானது. துன்பம் எப்படி உருவாகிறது என்பதைப் பன்னிரண்டு கண்ணியுள்ள சங்கிலியாகப் பிரித்தார். ஒன்று இருந்தால்தான் அடுத்தது வரும். மணிமேகலை அந்தப் பன்னிரண்டுக்கும் தமிழில் பெயர் வைத்திருக்கிறது: பேதைமை, செய்கை, உணர்வு, அருவுரு, வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று, பவம், தோற்றம், வினைப்பயன். பிறவிச் சுழற்சியை விளக்க வந்த வரிசை இது. மறுபிறவியில் நம்பிக்கை இல்லாதவர்கள்கூட நடுவில் உள்ள ஐந்து சொற்களை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று.

வாயில் என்றால் கண், காது, மூக்கு, நாக்கு, உடல், மனம். ஊறு என்றால் தொடுதல், அந்த வாயில் ஒன்றில் ஏதோ வந்து படுவது. நுகர்வு என்றால் பட்டவுடன் எழும் சுகம் அல்லது சுகமின்மை, அல்லது இரண்டுமில்லாத ஒரு நிலை. வேட்கை, அது வேண்டும் அல்லது வேண்டாம் என்ற இழுப்பு. பற்று, கெட்டியாகப் பிடித்துக்கொள்வது.

இப்போது எம்ஆர்டி ரயிலில் உட்கார்ந்திருக்கிறீர்கள். கைப்பேசி 'டிங்' என்கிறது. காதில் பட்டது ஊறு. உள்ளே சின்னதாக ஒரு குறுகுறுப்பு எழுகிறதே, அது நுகர்வு. யார் அனுப்பியது என்று பார்த்தே ஆக வேண்டும் போலிருப்பது வேட்கை. எடுத்து, பதில் போட்டு, அப்படியே விரலால் தள்ளித் தள்ளி, இறங்க வேண்டிய நிலையத்தைத் தாண்டிவிட்டால் பற்று. எல்லாம் சேர்ந்து ஒரு விநாடியில் தொடங்கிவிடும். ஒரே செயல் போலத்தான் நமக்குத் தெரியும். அது நான்கு செயல், நடுவே இடைவெளி இருக்கிறது என்பதுதான் இந்தப் போதனையின் சரக்கு.

எந்த இடைவெளியில் கை வைக்கலாம்? காது திறந்திருக்கும்வரை சத்தம் படத்தான் செய்யும், ஊறைத் தடுக்க முடியாது. பட்டால் குறுகுறுப்பு எழும், நுகர்வையும் தடுக்க முடியாது. புத்தருக்கும் முதுகுவலி வந்தது, நூல்களிலேயே இருக்கிறது. ஆனால் நுகர்வு வந்தால் வேட்கை வந்தே தீர வேண்டும் என்றில்லை. குறுகுறுப்பைக் குறுகுறுப்பாகவே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தால் அது தானாகவே தணிவது தெரியும். தியானம் என்று சொல்லி உட்கார வைத்துப் பழக்குவது பெரும்பாலும் இந்த ஒன்றைத்தான். கால் மரத்துப்போகும், நகர்த்த வேண்டும் போலிருக்கும், நகர்த்தாமல் பார்க்கச் சொல்வார்கள். காலுக்காக இல்லை, அந்த இடைவெளி கண்ணில் படுவதற்காக.

நுகர்வு என்ற சொல் இன்று எங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது என்பதைக் கவனித்தீர்களா? நுகர்வோர் என்றால் இப்போது பொருள் வாங்குகிறவர். ஒரு காலத்தில் புலனில் எழும் உணர்ச்சிக்குப் பெயராக இருந்தது, இன்று கடைத்தெருவுக்கு வந்துவிட்டது. தற்செயலாக நடந்த சொல் மாற்றம்தான். ஆனால் ஆர்ச்சர்ட் சாலையில் ஒரு சனிக்கிழமை மாலை நின்று பார்த்தால் அது அவ்வளவு தற்செயலாகத் தோன்றவில்லை. நுகர்வுக்கும் வேட்கைக்கும் நடுவே உள்ள இடைவெளியை எவ்வளவு சுருக்கலாம் என்பதுதான் அங்கே தொழில். 'இன்று மட்டும் தள்ளுபடி' என்ற பலகையின் வேலையே அதுதான். கைப்பேசியில் ஒரே தட்டில் பொருள் வாங்கும் வசதி, அந்த இடைவெளியை ஏறக்குறைய இல்லாமலே ஆக்கிவிட்டது.

என் உறவினரின் வீட்டுக் கேள்விக்கும் இதில் பதில் இருக்கிறது. இல்லறத்தாரைப் பொருள் ஈட்டக் கூடாது என்று புத்தர் சொன்னதில்லை. ஈட்டியதை நான்காகப் பிரித்து, ஒரு பங்கை அனுபவி, இரண்டு பங்கைத் தொழிலில் போடு, நான்காவதை ஆபத்துக்காக வைத்துக்கொள் என்று ஓர் இளைஞனுக்குச் சொல்லியிருக்கிறார். நமக்கு மசேநியில், அதாவது மத்திய சேமநிதியில், முதலாளி பங்கும் நம் பங்கும் சேர்ந்து 37 விழுக்காடு கேட்காமலே போய்விடுகிறது. அந்த இளைஞனைவிட நாம் கட்டுப்பாடானவர்கள், நம்மைக் கட்டுப்படுத்த ஆள் வைத்திருக்கிறோம் என்ற அளவில்.

மேல், கீழ், சமம்

சிங்கப்பூர் வாழ்க்கையின் தனி வியாதி கியாசு. தோற்றுவிடுவோமோ என்ற பயத்துக்கு ஹொக்கியன் சொல். இப்போது எல்லா இனத்தாரும் சொல்கிறோம். 2023ஆம் ஆண்டுக் குடும்பச் செலவினக் கணக்கெடுப்பின்படி இந்த ஊர்க் குடும்பங்கள் துணைப்பாட வகுப்புக்குச் செலவிட்டது 1.8 பில்லியன் வெள்ளி. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் 2021இல் டி-ஸ்கோரை எடுத்துவிட்டார்கள். பிள்ளைகளை ஒருவரோடொருவர் ஒப்பிட்டு மதிப்பெண் போடும் முறை போய்விட்டது. ஒப்பீடு மட்டும் போகவில்லை, அடுக்குமாடி புளோக்கின் மின்தூக்கிக்குள் அது நன்றாகவே நடக்கிறது.

ஒப்பிடும் இந்தப் புத்திக்குப் பௌத்தம் மானம் என்று பெயர் வைத்திருக்கிறது. நாம் சொல்லும் தன்மானம் இல்லை, அளந்து பார்த்தல் என்ற பொருளில். அதில் மூன்று வகை. நான் உன்னைவிட மேல் என்பது ஒன்று. நான் உன்னைவிடக் கீழ் என்பது இன்னொன்று. இரண்டையும் யாரும் ஒப்புக்கொள்வார்கள். மூன்றாவதாக, நான் உனக்குச் சமம் என்பதும் மானம்தான் என்கிறார் புத்தர். இதை முதலில் படித்தபோது எனக்குச் சம்மதமில்லை. சமத்துவத்தைப் போய்க் குற்றம் சொல்வதா? பிறகு யோசித்தால், சட்டத்தின் முன் சமம் என்பதைப் பற்றி அவர் பேசவில்லை. பக்கத்து வீட்டுப் பையன் வாங்கிய அதே மதிப்பெண்ணை என் மகளும் வாங்கிவிட்டாள் என்று தெரிந்ததும் எனக்குள் ஒரு நிம்மதி வந்ததே, அதைத்தான் சொல்கிறார். அந்த நிம்மதி அளவுகோலை இன்னும் கையில்தான் வைத்திருக்கிறது. அடுத்த தேர்வுவரை தாங்கும்.

கவனம் மட்டும் போதுமா

இப்போது அலுவலகங்களில் மனமுழுமைப் பயிற்சி (mindfulness) நடத்துகிறார்கள். நான் வேலை பார்த்த ஓர் இடத்திலும் மதிய உணவு நேரத்தில் ஒரு மணி நேரம் நடந்தது. கண்ணை மூடி மூச்சைக் கவனித்தோம். நன்றாகத்தான் இருந்தது. முடிந்தவுடன், அன்றிரவு பதினொரு மணிக்குள் ஓர் அறிக்கை வேண்டும் என்று மின்னஞ்சல் வந்தது. பயிற்சிக்கு ஏற்பாடு செய்தவர்தான் அதையும் அனுப்பியிருந்தார்.

இந்தப் பயிற்சியின் இன்றைய வடிவத்துக்கு அடித்தளம் போட்டவர் ஜான் கபட்-ஜின். 1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் நாட்பட்ட வலியால் அவதிப்படுகிறவர்களுக்காகத் தொடங்கினார். பௌத்தத் தியானத்திலிருந்து மதத்தைக் கழற்றிவிட்டு முறையை மட்டும் எடுத்துக்கொண்டார். வலியோடு வாழ்கிறவருக்கு அது கொடுக்கும் ஆறுதலைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். என்னுடைய குறை வேறு. எண்வழியில் நற்கடைப்பிடி, அதாவது கவனம், எட்டில் ஒன்று. அதற்கு முன்னால் நற்சொல், நற்செயல், நல்வாழ்க்கைத் தொழில் எல்லாம் இருக்கின்றன. குறி தவறாமல் சுடுகிறவனுக்கும் அபாரக் கவனம் உண்டு. பழைய மடங்களில் கவனத்தை வேட்கை எழும் இடத்தைப் பார்ப்பதற்காகப் பழக்கினார்கள். அலுவலகத்தில் அதே கவனத்தை இன்னும் இரண்டு மணி நேரம் களைப்பில்லாமல் உழைப்பதற்காகப் பழக்குகிறார்கள். கருவி ஒன்றுதான், யாருக்காக என்பதில்தான் வித்தியாசம்.

நல்ல எண்ணம் மட்டும் போதாது என்பதற்கு விசாக தினமே உதாரணம். உயிரை விடுவித்தால் புண்ணியம் என்று ஆமை, தவளை, மீன், பறவை எல்லாவற்றையும் விலைக்கு வாங்கி நீர்த்தேக்கத்திலும் பூங்காவிலும் விடும் வழக்கம் இங்கே உண்டு. கூண்டில் வளர்ந்த பிராணிக்குக் காட்டில் இரை தேடத் தெரியாது. பல செத்துவிடும். பிழைக்கும் சிவப்புக் காது ஆமையும் அமெரிக்கக் காளைத் தவளையும் உள்ளூர் உயிரினங்களுக்குப் போட்டியாகிவிடும். அதனால் விசாகத்தையொட்டித் தேசியப் பூங்காக் கழகமும் பொதுப் பயனீட்டுக் கழகமும் தொண்டூழியர்களோடு நீர்த்தேக்கங்களில் நின்று, விடாதீர்கள் என்று எடுத்துச் சொல்கின்றன. கருணையை நிறுத்தச் சொல்லிக் கருணையின் திருநாளில் ஆள் நிற்க வேண்டியிருக்கிறது. எண்வழியில் முதலில் வருவது நற்காட்சி, உள்ளதை உள்ளபடி தெரிந்துகொள்வது. அதை ஏன் முதலில் வைத்தார்கள் என்பது அந்த ஆமையைப் பார்த்தால் புரியும்.

ஆறு திசை

இல்லறத்தாருக்காகப் புத்தர் பேசியதில் எனக்கு மிகவும் பிடித்தது சிகாலன் என்ற இளைஞனுக்குச் சொன்னது. மேலே நான்கு பங்குக் கணக்கைக் கேட்ட இளைஞன் இவன்தான். அதிகாலையில் குளித்துவிட்டு ஈரத் துணியோடு கிழக்கு, தெற்கு, மேற்கு, வடக்கு, கீழ், மேல் என்று ஆறு திசையையும் கும்பிட்டுக்கொண்டிருக்கிறான். ஏன் என்று கேட்டால், அப்பா சாகும்போது சொன்னார் என்கிறான். புத்தர் அதைக் கேலி செய்யவில்லை, நிறுத்தவும் சொல்லவில்லை. கிழக்கு உன் பெற்றோர், தெற்கு ஆசிரியர், மேற்கு மனைவி மக்கள், வடக்கு நண்பர்கள், கீழே உன்னிடம் வேலை செய்கிறவர்கள், மேலே துறவிகள், இவர்களுக்குச் செய்ய வேண்டியதைச் செய், அதுதான் திசை வணக்கம் என்கிறார். ஒவ்வொரு திசைக்கும் இரண்டு பக்கக் கடமையும் சொல்கிறார். பிள்ளை பெற்றோருக்கு, பெற்றோர் பிள்ளைக்கு என்று.

அதில் கீழ்த்திசைப் பட்டியல் சிங்கப்பூருக்கென்றே எழுதியது போலிருக்கும். வேலைக்கு வைத்திருப்பவர் செய்ய வேண்டியவை ஐந்து. அவர்கள் சக்திக்கேற்ற வேலை கொடுப்பது. சோறும் கூலியும் கொடுப்பது. நோயில் விழுந்தால் பார்த்துக்கொள்வது. வீட்டில் விசேஷமாகச் செய்ததைப் பகிர்ந்துகொள்வது. உரிய நேரத்தில் ஓய்வு கொடுப்பது. இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுக்கு முந்தைய பட்டியல் என்று மரபு சொல்கிறது.

நம் ஊரில் வெளிநாட்டு இல்லப் பணிப்பெண்கள் ஏறத்தாழ 3 லட்சம் பேர். அவர்களுக்கு வாரம் ஒரு நாள் ஓய்வு என்ற விதி 2013 ஜனவரி முதல் நாள்தான் வந்தது. அதிலும் ஓய்வுக்குப் பதிலாகக் காசு கொடுத்து வேலை வாங்கிக்கொள்ளலாம். மாதத்தில் ஒரு நாளையாவது காசு கொடுத்து ஈடுகட்ட முடியாது என்ற நிலை 2023 ஜனவரியில்தான் வந்தது.

எங்கள் வீட்டிலும் ஒரு பணிப்பெண் இருக்கிறார். போன விசாக தினத்தன்று, லீவுதானே என்று அம்மாவுக்கு இந்தப் பட்டியலைத் தமிழில் வாசித்துக் காட்டினேன். சாமி வேறாக இருந்தாலும் கேட்டார். சக்திக்கேற்ற வேலை என்றதும் தலையாட்டினார். சோறும் கூலியும் என்றதும், "பின்ன?" என்றார். நோயில் பார்த்துக்கொள்வது என்றதும், போன வருஷம் அந்தப் பெண்ணுக்குக் காய்ச்சல் வந்தபோது ரசம் வைத்துக் கொடுத்ததை நினைவுபடுத்தினார். விசேஷப் பலகாரத்துக்கும் குறை இல்லை, தீபாவளி முறுக்கில் அந்தப் பெண்ணுக்குத் தனி டின்.

ஐந்தாவதை வாசித்தேன்.

அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. சமையலறைப் பக்கம் பார்த்தார். உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

"அப்ப ஞாயித்துக்கெழம யாரு சமைக்கிறது?" என்றார்.